பழைய அசெம்பிள் செட்டில் புது போர்டு: ஆம்ப்ளிஃபையர் முன்னேற இன்னும் எங்கே இடம் இருக்கிறது

வேலைக்கு வந்தது தண்டையார்பேட்டையில் ஒரு மாடி வீட்டு ஹாலில் பல வருஷம் ஓடிய அசெம்பிள் செட், அதாவது பாகங்களை வாங்கி உள்ளூரிலேயே கோத்த ஆம்ப்ளிஃபையர். தகரப் பெட்டி, 18-0-18 வோல்ட் 3 ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர், எஸ்டிகே 4141 ஐசி போட்ட போர்டு, 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு. இடது பக்கம் ஊமை. வலது பக்கம் பாடுகிறது, ஆனால் பாட்டு நின்றதும் அடியில் ‘உர்ர்’ என்று ஹம்மிங். கேட்ட கேள்வி இரண்டு: இதைச் சரி செய்யலாமா, இல்லை தூக்கிப் போட்டுவிட்டு இப்போது வரும் குட்டி டிஜிட்டல் போர்டு வாங்கலாமா? ஆம்ப்ளிஃபையர் தொழில்நுட்பம் உண்மையிலேயே முன்னேறியிருக்கிறதா, இனியும் முன்னேறுமா என்ற கேள்விதான் அதற்குள் ஒளிந்திருக்கிறது. பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால் பதில் கிடைக்கும்.

திறந்ததும் முதல் வேலை, ஃபில்டர் கண்டென்சர்களில் (டிசியைச் சீராக்கும் பெரிய கண்டென்சர்கள்) தேங்கிய சார்ஜைக் காலி செய்வது. 100 ஓம் 5 வாட்ஸ் ரெசிஸ்டரை இரு முனையிலும் பத்து விநாடி பிடித்தால் போதும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் அடிப்பது வேண்டாம். முனையும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து.

இடது அவுட்புட்டில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைத்தால் மைனஸ் 23 வோல்ட் டிசி. ஐசியின் உள்ளே கீழ்ப்பக்க ட்ரான்சிஸ்டர் ஷார்ட். அந்த டிசி நேராக ஸ்பீக்கருக்குப் போனதால் ஊஃபரின் (அடி ஒலி தரும் பெரிய ஸ்பீக்கர்) வாய்ஸ் காயிலும், அதாவது கூம்பை அசைக்கும் கம்பிச் சுருளும், கருகிவிட்டது. ஐசி போனதைவிட அந்த ஸ்பீக்கர் போனதுதான் பெரிய நஷ்டம். பெட்டிக்குள் ஸ்பீக்கர் ப்ரொட்டெக்‌ஷன் என்று ஒன்றுமே கிடையாது. ஃபில்டர் கண்டென்சர் இரண்டும் 4700 மைக்ரோஃபாரட் என்று எழுதியது. மீட்டரில் ஒன்று 2900, இன்னொன்று 2100. இன்புட் கம்பி மாட்டும் ஆர்சிஏ சாக்கெட்டுகளில் பச்சைக் களிம்பு, ஸ்பீக்கர் க்ளிப்புகளின் ஸ்ப்ரிங் துரு. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரைக்கும் கடலோர வீடுகளில் வரும் செட்டுகள் எல்லாவற்றிலும் இதே கதை: உப்புக் காற்று முதலில் தின்பது ஐசியை அல்ல, இணைப்புகளை.

எஸ்டிகே 4141 ஐசிக்குத் தயாரிப்பாளர் கொடுத்த கணக்கு சேனலுக்கு 25 வாட்ஸ், சிதைவு (அசல் ஒலியில் ஐசி கலக்கும் மாசு) 0.4 சதவீதம். அன்றைக்கு நல்ல கணக்கு. ஆனால் இன்று அதே பெயரில் கடையில் கிடைப்பதில் போலி மிக அதிகம். ஆகவே ஐசியை மட்டும் மாற்றுவது சரியான வழி அல்ல. ட்ரான்ஸ்ஃபார்மரையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு, எல்எம் 3886 என்ற ஆம்ப்ளிஃபையர் ஐசி இரண்டு, சேனலுக்கு ஒன்றாக, போட முடிவானது. இந்த ஐசி 1990களில் நேஷனல் செமிகண்டக்டர் கொண்டுவந்தது. 2011இல் அந்த நிறுவனத்தை டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கிய பிறகும் தொடர்ந்து வருகிறது. ±28 வோல்ட்டில் 4 ஓமுக்கு 68 வாட்ஸ். 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை சிதைவு 0.03 சதவீதம். முப்பது வருஷத்துக்கு முந்தைய பொருளே அவ்வளவு சுத்தம்.

ட்ரான்ஸ்ஃபார்மரை நம்பலாமா என்று பார்த்த பிறகுதான் மற்றது. சென்னையில் லோக்கலாகச் சுற்றும் ட்ரான்ஸ்ஃபார்மர்களில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி சுற்றி விற்பதும் நடக்கிறது. லீடின் வார்னிஷைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். சுரண்ட முடியாத இடத்தில் லோடு கொடுத்துப் பார்க்கலாம்: 33 ஓம் 10 வாட்ஸ் சிமென்ட் ரெசிஸ்டர் நான்கைப் பக்கவாட்டில் சேர்த்தால் 8.25 ஓம், 40 வாட்ஸ் தாங்கும். இதை ஒரு 18 வோல்ட் பக்கத்தில் மாட்டினால் சுமார் 2.2 ஆம்பியர் இழுக்கும். இங்கே லோடு இல்லாமல் 19.6, லோடோடு 18.3 வோல்ட். நல்ல சுற்று. 17க்குக் கீழே போயிருந்தால் மாற்றியிருக்க வேண்டும். அந்த ரெசிஸ்டர் கட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; கடைசியில் ஸ்பீக்கருக்குப் பதிலாக டம்மி லோடாகவும் அதுவே உதவும்.

இந்த ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து எவ்வளவு சத்தம் வரும் என்பதைக் காகிதத்திலேயே போட்டுப் பார்த்துவிடலாம். 18ஐ 1.414ஆல் பெருக்கி, டயோடுக்கு ஒரு வோல்ட் கழித்தால் 24.5. முழு லோடில் அது 22க்கு இறங்கும் என்று வைப்போம். ஐசி தனக்கு இரண்டரை வோல்ட் எடுத்துக்கொண்டால் மிச்சம் உச்சத்தில் 19.5. அதன் வர்க்கத்தை 16ஆல் வகுத்தால் 8 ஓமுக்குக் கிட்டத்தட்ட 24 வாட்ஸ். ஒரு வாட்ஸுக்கு 88 டெசிபெல் தரும் சாதாரண ஸ்பீக்கரில் இது ஒரு மீட்டரில் 101 டெசிபெல்லைத் தாண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் அதற்கு மேல் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

ஒரு சின்ன விஷயம் பலருக்குப் புதிராக இருக்கும்: கரண்ட் போய் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓடும்போது செட்டு சீக்கிரம் கிழிந்து கத்தும். மின்வாரிய சப்ளையில் 230 வோல்ட் என்றால் உச்சம் 325. சதுர அலையில் 230 என்றால் உச்சமும் 230தான். கண்டென்சர் உச்சத்துக்குத்தான் சார்ஜ் ஆகும். ஆகவே 24.5 வோல்ட் ரெயில் (ஐசிக்குப் போகும் டிசி சப்ளை) 17ஆகக் குறைகிறது, வாட்ஸ் பாதிக்கும் கீழே. செட்டில் கோளாறு இல்லை.

போர்டில் போட்டவை இவை. இன்புட்டில் 1 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கண்டென்சர், பிறகு 1 கிலோ ஓம், அதன் பிறகு கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம், 220 பிகோஃபாரட். இந்த 220 பிகோ, மொபைலும் மோடமும் கொடுக்கும் ரேடியோ தொல்லையை உள்ளே விடாது. ஃபீட்பேக்கில் (அவுட்புட்டின் ஒரு பங்கை இன்புட்டுக்குத் திருப்பிப் பிழையைத் திருத்தும் வழி) 20 கிலோ ஓம், 1 கிலோ ஓம். அந்த 1 கிலோவுக்கு அடியில் 47 மைக்ரோஃபாரட். பெருக்கம் 21. அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு 2.7 ஓமும் 0.1 மைக்ரோவும் வரிசையில். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் 10 ஓம் 5 வாட்ஸ் ரெசிஸ்டரோடு பக்கவாட்டில் 0.7 மைக்ரோஹென்றி காயில்: 18 கேஜ் எனாமல் கம்பியை 10 மில்லிமீட்டர் ட்ரில் பிட்டின் தண்டில் நெருக்கமாகப் பத்துச் சுற்று சுற்றினால் சரியாக வரும். சப்ளை கால்களை ஒட்டியே 0.1 மைக்ரோவும் 470 மைக்ரோ 50 வோல்ட்டும். ‘ஒட்டியே’ என்றால் கால் அங்குலத்துக்குள். மூன்று அங்குலம் தள்ளி வைத்தால் ஐசி காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆஸிலேட் ஆகும், அதாவது தானாகவே அதிரும். பாட்டு இல்லாமலே ஹீட் சிங்க் கொதிக்கும், 2.7 ஓம் ரெசிஸ்டர் கருகும். கருகிய அந்தச் சின்ன ரெசிஸ்டர்தான் ஆஸிலேஷனுக்கு நம்பகமான சாட்சி.

இந்த ஐசியில் அடிக்கடி நடக்கும் தவறுகள் சில. 1, 5 ஆகிய இரண்டு கால்களும் பிளஸ் சப்ளைக்குப் போக வேண்டும், ஒன்றை விட்டுவிடுவார்கள். 8ஆம் கால் மியூட். அதிலிருந்து அரை மில்லிஆம்பியராவது மைனஸ் ரெயிலுக்கு இழுத்தால்தான் சத்தம் வரும். சும்மா விட்டால் ஐசி உயிரோடு இருந்தும் ஊமை. 25 வோல்ட்டுக்கு 10 கிலோ இரண்டை வரிசையில் போட்டு, நடுவில் கிரவுண்டுக்கு 100 மைக்ரோ வைத்தால் ஒரு மில்லிஆம்பியர் ஓடும், ஆன் செய்யும்போது ‘டொப்’ சத்தமும் அடங்கும். மூன்றாவது, உலோக முதுகு உள்ள வகையில் அந்த முதுகு மைனஸ் ரெயிலோடு இணைந்தது. மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு) இல்லாமல் ஹீட் சிங்க்கில் முடுக்கினால் நேர் ஷார்ட். முதுகு முழுக்கப் பிளாஸ்டிக் மூடிய வகையும் வருகிறது; மைக்கா தேவையில்லை, ஆனால் வெப்பம் வெளியேறுவது அதில் மெதுவு.

பெருக்கம் பற்றி ஒரு வார்த்தை. 24 வாட்ஸ் என்பது 8 ஓமில் 13.8 வோல்ட். 21 மடங்கு என்றால் 0.66 வோல்ட் உள்ளே வந்தாலே முழு சத்தம். மொபைலுக்கு இது சரி. 2 வோல்ட் தரும் டாக் (டிஜிட்டல் பாட்டை அனலாக் சிக்னலாக்கும் பெட்டி), டிவி பாக்ஸ் மாட்டினால் வால்யூம் முழுக்கத் திரும்பும் முன்பே முழு சத்தம் வந்துவிடும், இரைச்சலும் கூடுதலாகக் கேட்கும். அப்படிப்பட்டவர்களுக்கு 20 கிலோவுக்குப் பதில் 10 கிலோ போட்டுப் பெருக்கத்தை 11 ஆக்கலாம். அதற்கும் கீழே, 10க்குள், போகக் கூடாது. இந்த ஐசி அங்கே நிலைகுலையும். அசெம்பிள் செட்டுகளில் ‘லேசா திருப்பினாலே அலறுது’ என்பதைப் பவர் அதிகம் என்று நினைக்கிறார்கள். அது பவர் இல்லை, தேவைக்கு மீறிய பெருக்கம்.

வெப்பத்தில்தான் நம் ஊர் தனியாக நிற்கிறது. ±25 வோல்ட், 8 ஓமில் ஒரு ஐசி வெளியேற்றும் வெப்பம் மோசமான நிலையில் 15.8 வாட்ஸ். சும்மா இருக்கும்போதே 50 மில்லிஆம்பியர் இழுப்பதால் இன்னும் 2.5. இரண்டு சேனலுக்கும் சேர்த்து 36 வாட்ஸுக்கு மேல். ஹீட் சிங்க் 75 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று வைப்போம். வெளிநாட்டுக் கணக்குகளில் சுற்றுப்புறம் 25 டிகிரி. 50 டிகிரி ஏற இடம் உண்டு, வாட்ஸுக்கு 1.37 டிகிரி ஏறும் ஹீட் சிங்க் போதும். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, ஷோகேஸுக்குள் வைத்த பெட்டியில் சுற்றுப்புறமே 45. மிச்சம் 30 டிகிரிதான். தேவை 0.82. அதாவது இணையத்தில் பார்த்து அப்படியே எடுத்த ஹீட் சிங்க்கைவிட இங்கே ஒன்றரை மடங்குக்கு மேல் பெரியது வேண்டும். இந்தப் பெட்டிக்கு 200 மில்லிமீட்டர் நீளமும் 40 மில்லிமீட்டர் துடுப்பும் உள்ள அலுமினியத் துண்டு, துடுப்புகள் செங்குத்தாக நிற்கும்படி வெளியே பின்பக்கம் மாட்டப்பட்டது. துடுப்பைப் படுக்க வைத்தால் காற்று மேலேற முடியாது.

அதே வெப்பம்தான் கண்டென்சரையும் தின்கிறது. எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்கு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். ஆகவே 105 டிகிரி வகை மட்டும் வாங்குங்கள், ஹீட் சிங்க்கிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும்போதே மீட்டரில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெரிய டப்பாவுக்குள் சின்னக் கண்டென்சரை வைத்து அடைத்தவை உண்டு. கையில் எடுத்தால் எடை சொல்லிவிடும். இங்கே போட்டது பக்கத்துக்கு 10,000 மைக்ரோ, 50 வோல்ட். ஒரு ஆம்பியர் இழுக்கும்போது 4700 என்றால் ரெயிலில் இரண்டு வோல்ட்டுக்கு மேல் ஏற்ற இறக்கம், 10,000 என்றால் ஒரு வோல்ட். அதற்கு மேல் 22,000, 33,000 என்று அடுக்குவதில் காசுக்கேற்ற பலன் இல்லை. ரெயிலில் உள்ள இந்த ஏற்ற இறக்கத்தை (ரிப்பிள்) ஐசி தானே நூறு டெசிபெல் அளவுக்கு அடக்கிவிடும்.

அப்படியானால் பழைய செட்டில் ஹம்மிங் எங்கிருந்து வந்தது? கிரவுண்டிலிருந்து. இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். அசெம்பிள் செட்டுகளில் பத்துக்கு எட்டு ஹம்மிங் இங்கேதான் பிறக்கிறது.

ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும் டயோடுகள்), கண்டென்சரைத் தொடர்ச்சியாக நிரப்புவதில்லை. விநாடிக்கு நூறு தடவை, உச்சத்தில் மட்டும், குட்டிக் குட்டி வெடிப்பாக நிரப்புகிறது. ஒவ்வொரு வெடிப்பும் 10 ஆம்பியர் வரை போகும். ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு 1.7 மில்லிஓம். 10 ஆம்பியர் ஓடினால் அந்தத் துண்டில் 17 மில்லிவோல்ட். இன்புட் கிரவுண்டும் அதே துண்டின் மேல் உட்கார்ந்திருந்தால் அந்த 17 மில்லிவோல்ட்டும் பாட்டோடு சேர்ந்து 21 மடங்காகும். பழைய செட்டில் வால்யூம் கன்ட்ரோல்களின் முதுகில் ஒரே வெற்றுக் கம்பியை ஓட்டிப் பத்தவைத்து, அதையே ட்ரான்ஸ்ஃபார்மர் நடு லீடு வரை இழுத்திருந்தார்கள். கண்டென்சரை எத்தனை தடவை மாற்றினாலும் இந்த ஹம்மிங் போகாது.

புது வயரிங் இப்படி: ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு லீடு, இரண்டு ஃபில்டர் கண்டென்சர்களும் சந்திக்கும் செம்புப் பட்டைக்கு நேராகப் போகும். வேறெதுவும் அந்தப் பட்டையில் ஏறக் கூடாது. பட்டையிலிருந்து ஒரு தடித்த குட்டைக் கம்பி தனியாக ஒரு புள்ளிக்கு. அந்தப் புள்ளியில்தான் ஸ்பீக்கரின் கருப்புக் கம்பி, போர்டுகளின் பவர் கிரவுண்டு எல்லாம் தனித்தனியாக வந்து சேரும். போர்டின் உள்ளே சிக்னல் கிரவுண்டும் பவர் கிரவுண்டும் 10 ஓம் ரெசிஸ்டர் வழியாக இணையும். இரண்டு சேனலும் ஒரே இன்புட் சாக்கெட்டில் கிரவுண்டைப் பகிர்வதால் உருவாகும் வளையத்தை இது முறிக்கிறது. ஆர்சிஏ சாக்கெட்டின் வெளி வளையம் தகரத்தைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாஷர். ஏசி கம்பிகளை முறுக்கிப் பெட்டியின் ஒரு ஓரமாக, இன்புட் கம்பிகளை எதிர் ஓரமாக.

பழைய வயரிங்கில் வேலை செய்த சேனலில் வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கர் முனையில் அளந்தது 9 மில்லிவோல்ட். 88 டெசிபெல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டரில் 38 டெசிபெல். ராத்திரி பத்து மணிக்கு மேல் தெளிவாகக் கேட்கும். மாற்றிய பிறகு 0.4 மில்லிவோல்ட். ஸ்பீக்கரில் காதை ஒட்டினாலும் கேட்பது கடினம். இதற்கு ஆன செலவு கொஞ்சம் கம்பி, இரண்டு ரெசிஸ்டர்.

பாதுகாப்பு எர்த் வேறு, இந்தக் கிரவுண்டு வேறு. வடசென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் ஹாலில் இரண்டு துளை பாயின்ட்தான் இருக்கும். தகரப் பெட்டிக்கு அது போதாது. மூன்று பின் கம்பி, பச்சைக் கம்பி தகரத்தில் தனி போல்ட்டில், பல் வாஷரோடு. ட்ரான்ஸ்ஃபார்மர் போல்ட்டில் சேர்க்கக் கூடாது. எர்த் இருந்தால் கம்ப்யூட்டர் மாட்டியதும் ஹம்மிங் வருகிறது என்று எர்த் பின்னை வெட்டுகிறார்கள். உயிருக்கு ஆபத்தான வேலை. பதிலாக, தகரத்தை நேராக எர்த்திலும், கிரவுண்டுப் புள்ளியை 10 ஓம் 5 வாட்ஸ் ரெசிஸ்டர் வழியாகத் தகரத்திலும் இணைத்து, அந்த ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்றையும் 0.1 மைக்ரோவையும் போடுங்கள். வளையக் கரண்ட் அடங்கும். கோளாறு நேர்ந்தால் பிரிட்ஜ் கடத்தி ஃபியூஸைப் போக்கும். மெயின் ஃபியூஸ் 1 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ.

முதல் தடவை ஆன் செய்யும்போது 100 வாட்ஸ் குண்டு பல்பை வரிசையில் மாட்டுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. எரிந்தபடியே நின்றால் எங்கோ ஷார்ட், உடனே அணையுங்கள். பல்பு மங்கிய பிறகு அவுட்புட்டில் டிசி பாருங்கள். இங்கே 8, 11 மில்லிவோல்ட். 20க்குள் இருந்தால் கவலையில்லை, 50ஐத் தாண்டினால் ஃபீட்பேக் அடியில் உள்ள 47 மைக்ரோ திருப்பிப் போட்டிருக்கிறதா, கசிகிறதா என்று பாருங்கள்.

ஸ்பீக்கர் ப்ரொட்டெக்‌ஷனுக்கு யுபிசி 1237 ஐசி போட்ட ரிலே போர்டு தாராளமாகக் கிடைக்கிறது. ஆன் செய்ததும் சில விநாடி கழித்து இணைக்கும், டிசி வந்தால் துண்டிக்கும். ஆனால் பலர் ரிலேயை வெறும் சுவிட்சாக மாட்டுகிறார்கள். 25 வோல்ட் டிசியைத் துண்டிக்கும்போது ரிலே முனையில் பொறி நின்று எரியும். முனைகள் உருகி ஒட்டினால் ப்ரொட்டெக்‌ஷன் இருந்தும் இல்லாத மாதிரி. ஸ்பீக்கரை நடு முனையிலும், ஆம்ப்பை ஆன் முனையிலும், ஆஃப் முனையைக் கிரவுண்டிலும் இணையுங்கள். பொறி தாண்டினால் அது கிரவுண்டுக்குப் போய் ஃபியூஸ் அறுபடும்; ஸ்பீக்கர் தப்பிக்கும்.

இனி அந்த இரண்டாவது கேள்வி, டிஜிட்டல் போர்டு. கடையில் ‘டிஜிட்டல்’ என்பது பெரும்பாலும் கிளாஸ் டி, அதாவது அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களை மிக வேகமாக ஆன், ஆஃப் செய்து ஓட்டும் முறை. யோசனை பழையது, 1964இலேயே சின்க்ளேர் எக்ஸ்-10 என்ற பெயரில் ஒரு கிளாஸ் டி செட்டு விற்பனைக்கு வந்தது. வேகமான மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டர் இல்லாத காலத்தில் அது சரிப்படவில்லை. இப்போது சரிப்பட்டுவிட்டது. பாட்டு சராசரியாக 3 வாட்ஸில் ஓடும்போது நம் எல்எம் 3886 சேனலுக்குச் சுமார் 13 வாட்ஸைச் சூடாக்கி வீணடிக்கிறது. கிளாஸ் டி அதில் சிறு பகுதியைத்தான் வீணடிக்கும். ஹீட் சிங்க் தீப்பெட்டி அளவு. வெயில் காலக் கணக்கெல்லாம் பாதி மறைந்துவிடும். இது உண்மையான முன்னேற்றம், அதுவும் நம் ஊருக்கு மிகவும் தேவையான முன்னேற்றம்.

ஆனால் போர்டின் மேல் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். டிபிஏ 3116 என்ற கிளாஸ் டி ஐசி போட்ட போர்டில் ‘50+50’ என்று இருக்கும். அது 21 வோல்ட், 4 ஓம், 10 சதவீதச் சிதைவில் உள்ள கணக்கு. 12 வோல்ட் அடாப்டர் மாட்டி 8 ஓம் ஸ்பீக்கர் வைத்தால் வருவது ஏழரை வாட்ஸ். 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரில் 20 வாட்ஸ் அருகில். இதன் எல்லை 26 வோல்ட். 18 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரை ரெக்டிஃபை செய்து நேராகக் கொடுத்துவிடாதீர்கள்; லோடு இல்லாதபோது, வோல்ட்டேஜ் 245க்கு ஏறும் ராத்திரியில், அது 28ஐத் தொடும். ஐசி கெட வாய்ப்புண்டு.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. இந்தப் போர்டுகளில் கடைசியில் இருக்கும் காயில், கண்டென்சர் ஃபில்டர், ஃபீட்பேக்குக்கு வெளியே நிற்கிறது. வழக்கமான 10 மைக்ரோஹென்றி, 0.68 மைக்ரோஃபாரட் என்று கணக்குப் போட்டால் 20 கிலோஹெர்ட்ஸில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அரை டெசிபெல் ஏறும், 4 ஓமுக்கு 0.8 டெசிபெல் இறங்கும். ஒரே போர்டு ஒரு ஸ்பீக்கரில் லேசாகக் கூர்மையாகவும் இன்னொன்றில் மந்தமாகவும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபில்டருக்குப் பின்னாலிருந்து ஃபீட்பேக் எடுத்தால் இது தீரும். பிலிப்ஸில் இருந்தபோதும், பிறகு ஹைபெக்ஸ், ப்யூரிஃபை நிறுவனங்களிலும் ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் ப்ரூனோ புட்ஸேஸ் செய்த முக்கியமான வேலை இந்த வழியில்தான். டிபிஏ 3255 போர்டுகளிலும் அந்த ஃபீட்பேக்கைச் சேர்த்து வருபவை உண்டு. வாங்குவதென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். 1927இல் பெல் லேப்ஸில் ஹெரால்ட் பிளாக் கண்டுபிடித்த அதே ஃபீட்பேக், நூறு வருஷம் கழித்தும் இதுதான் வேலை செய்கிறது. கேலியம் நைட்ரைடு ட்ரான்சிஸ்டர் இன்னும் வேகமாக மாறும், இரண்டு ட்ரான்சிஸ்டரும் அணைந்திருக்கும் இடைவெளியைக் குறைக்கும், அதனால் சிதைவும் குறையும். அளவுக் கருவிக்கு அது தெரியும். காதுக்கு? பாட்டு ஓடும்போது 0.1 சதவீதத்துக்குக் கீழே போன சிதைவைப் பிரித்தெடுப்பது மிகக் கடினம். ஊஃபரோ 50 ஹெர்ட்ஸில் சத்தமாக ஓடும்போது சில சதவீதம் தானே சேர்க்கிறது.

கிளாஸ் டி போர்டை அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஸ்பீக்கரின் இரண்டு முனைகளும் உயிரோடு இருப்பவை, எதுவும் கிரவுண்டு அல்ல. எல்எம் 3886 செட்டுக்கு 22 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து வோல்ட்டேஜைப் பிரித்து சவுண்டு கார்டில் நேராக மாட்டலாம். அதையே கிளாஸ் டியில் செய்தால் ஒரு முனை கம்ப்யூட்டர் எர்த்தோடு ஷார்ட் ஆகிவிடும்.

ஆக, சிதைவைக் குறைப்பதில் வீட்டு ஆம்ப்ளிஃபையருக்கு இனி போக அதிக தூரம் இல்லை. ஸ்பீக்கர் கம்பியிலும் அப்படித்தான்: 23/0076 கம்பி (0.0076 அங்குல இழை 23 சேர்ந்தது) ஐந்து மீட்டருக்குப் போய் வர 0.26 ஓம், 40/0076 என்றால் 0.15. 8 ஓமுக்கு முதலாவதே போதும், 4 ஓமுக்கு இரண்டாவது. ‘டேம்ப்பிங் ஃபேக்டர் ஆயிரம்’ (கூம்பின் அசைவை ஆம்ப் அடக்கும் திறன்) என்று விளம்பரம் செய்தாலும் வாய்ஸ் காயிலின் ஆறு ஓம் நடுவில் நிற்கிறது. பெரிய இடம் காலியாக இருப்பது ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் அறைக்கும் நடுவில்.

இந்த ஹால் 12க்கு 10 அடி. நாலு பக்கமும் காரைச் சுவர். நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸிலும் அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸிலும் அறையே முழங்கும். கானா பாட்டின் அடி வந்தால் ‘தொம் தொம்’ என்று ஒரே சுருதியில் கேட்பது அதனால்தான். இதை எந்த ஐசியும் தீர்க்காது. ஏடிஏயு 1701 என்ற டிஎஸ்பி ஐசி (ஒலியை டிஜிட்டலாகத் திருத்தும் ஐசி) போட்ட சின்ன போர்டுகளில் இரண்டு இன்புட், நான்கு அவுட்புட் உண்டு. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கிராஸோவரை (அடி ஒலியை ஊஃபருக்கும் உச்ச ஒலியை ட்வீட்டருக்கும் பிரிக்கும் சர்க்யூட்) கழற்றிவிட்டு, ஊஃபருக்கு ஒரு ஆம்ப், ட்வீட்டருக்கு ஒரு ஆம்ப் என்று பிரித்து, 2500 ஹெர்ட்ஸில் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வொரு படிக்கும்) 24 டெசிபெல் சரிவோடு இதிலேயே வெட்டலாம். ட்வீட்டருக்கு முன்னால் 22 மைக்ரோ நான் போலார் கண்டென்சர் ஒன்றை மறக்காமல் போடுங்கள். ஆன் செய்யும் அதிர்ச்சியிலிருந்தும் தவறான செட்டிங்கிலிருந்தும் அது காக்கும், 900 ஹெர்ட்ஸுக்கு மேல் தலையிடாது. மைக் வைத்து அளந்து, முழங்கும் 47 ஹெர்ட்ஸை மட்டும் குறுகலாகக் குறையுங்கள். அடங்கிக் கிடக்கும் இடத்தை ஏற்றப் பார்க்காதீர்கள். 10 டெசிபெல் ஏற்றினால் அந்த இடத்துக்கு 24 வாட்ஸ் 240 ஆக வேண்டும். செட்டும் கிழியும், ஊஃபரும் கிழியும்.

இந்தப் பெட்டிக்கு இப்போதைக்கு டிஎஸ்பி இல்லை. கருகிய ஊஃபருக்கு மாற்று வந்ததும் அதையும் சேர்க்கப் பின்பக்கம் இடம் விட்டிருக்கிறது. ஆர்சிஏ சாக்கெட்டும் ஸ்பீக்கர் முனையும் தங்க முலாம் பூசிய திருகு வகைக்கு மாற்றியாயிற்று. கம்பி நுனியில் ஈயம் பூசித் திருகின் கீழ் வைக்க வேண்டாம், நாளடைவில் ஈயம் நசுங்கித் தளரும். ஃபெருல் (கம்பி நுனிக்கு மாட்டும் உலோகக் குழல்) போட்டு இறுக்குங்கள். போர்டின் அடியில் ஃப்ளக்ஸ் கறையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்து, காய்ந்த பிறகு இன்சுலேட்டிங் வார்னிஷ் ஒரு பூச்சு. ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு தடவை மூடியைத் திறந்து தூசி தட்டி, முனைகளைக் காண்டாக்ட் க்ளீனரால் துடைத்து, ஹீட் சிங்க் ஸ்க்ரூக்களை ஒரு சுற்று இறுக்கிப் பார்க்க வேண்டும்.